வணக்கத்தைத் தள்ளிவிட்டு

அந்த ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர்வரை எல்லாருக்கும் அவள் ரேடியோதான். அப்படிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டாள். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

விஷயம் இதுதான். நர்ஸாகப் படித்து முடித்தால் மட்டும் போதாது, லைசென்ஸை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பதென்றால், படிப்பை விட்டுவிடவில்லை என்பதற்குப் பாயிண்டு காட்ட வேண்டும். முன்பெல்லாம் லீவு நாளில் எல்லாரையும் ஒரு ஹாலில் உட்காரவைத்து வகுப்பு எடுப்பார்கள். பாதிப் பேர் அந்த வாரத்துத் தூக்கத்தை அங்கேதான் தூங்கி முடித்தார்கள். பிறகு பாட்காஸ்ட் வந்தது. கனத்த குரலுள்ள ஒரு மூத்த டாக்டரும், அவரைக் கேள்வி கேட்டுக் குடைகிற ஒரு பெண் டாக்டரும் வாரத்துக்கு ஒரு நோயை எடுத்துவைத்துக்கொண்டு பேசுவார்கள். கேட்டு முடித்ததும் போனில் மூன்று கேள்வி வரும். சரியான பதிலை அழுத்தினால் பாயிண்டு. லீவு மிச்சம்.

வார்டில் அதைக் கேட்க யாருக்கும் நேரம் கிடையாது. இவளுக்கும் கிடையாதுதான், ஆனால் இவள் காதைச் சும்மா விடுகிறவள் இல்லை. பஸ்ஸில் நின்றுகொண்டு கேட்பாள், பாத்திரம் கழுவும்போது கேட்பாள், துணி மடிக்கும்போது கேட்பாள். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிடுவாள். அந்த மூத்த டாக்டர் ஏலம் விடுகிறவர் மாதிரி நோயைப் பற்றிப் பேசிக்கொண்டு போவார். தொடக்கத்தில் வரும் பாட்டு, வணக்கம், விளம்பரம் எல்லாவற்றையும் கட்டைவிரலால் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு நேரே நோய்க்குப் போய்விடுவாள். மறுநாள் டீ நேரத்தில் சாரத்தை எடுத்துச் சொல்வாள். இவள் சொல்லச் சொல்ல மற்றவர்கள் போனில் பதிலை அழுத்துவார்கள். இது ஏமாற்று வேலை என்று ஒருத்திக்கும் தோன்றியதில்லை. ஒருத்தி சமைத்தால் நாலு பேர் சாப்பிடுவதில்லையா.

"நீ கேக்கறதுல பாதி நேரம்தான் எனக்கு இருக்கு. அதுல வணக்கம் வேற சொல்றாங்க," என்று அலுத்துக்கொண்டாள் நெட்டை. ரேடியோவோடு ஒரே ஷிஃப்டில் நிற்கும் நர்ஸ் அவள், கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம்.

"வணக்கத்தை எவ கேக்கறா? முதல் நிமிஷத்தைத் தள்ளிடு. விஷயம் அதுக்கப்புறம்தான்," என்று சொல்லிக்கொடுத்ததும் ரேடியோதான்.

குறை சொல்லவும் முடியாது. கெண்டைக்கால் வீக்கத்தைப் பற்றி அதில் கேட்டதை வைத்து, சுளுக்கு என்று படுத்திருந்த ஒரு பெண்ணின் காலில் ரத்தம் கட்டியிருப்பதை அவள்தான் முதலில் சந்தேகப்பட்டாள். அந்தப் பெண் நடந்து வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு சின்ன டாக்டர், அதாவது வார்டில் டியூட்டி பார்க்கும் இளைய டாக்டர், எதைப் பற்றியும் "ரேடியோ என்ன சொல்லுது?" என்று கேட்கப் பழகிக்கொண்டார். கேலியாக ஆரம்பித்தது நாளடைவில் கேலி இல்லாமல் போயிற்று.

வீட்டில் மூன்று பேர். அவள், லிஃப்ட் பழுது பார்க்கிற கணவன், அவனுடைய அம்மா. மாமியார் பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கும், எது தாமதம், எது ரத்து என்று வாழ்நாளெல்லாம் சொல்லி முடித்தும் பேச்சு தீரவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னால் வாசலில் செருப்பு மாட்டுகிறவன் திரும்பிப் பார்ப்பான். அப்படி ஒரு குரல்.

"ஏம்மா, அந்தக் குச்சியைக் காதுல சொருகிட்டா வீடு இடிஞ்சு விழுந்தாலும் உனக்குத் தெரியாது."

"படிக்கிறேன் அத்தை."

"படிக்கிறவ எதுக்குக் கட்டைவிரலால நெட்டித் தள்ளறே?"

"முதல்ல வணக்கம் சொல்லுவாங்க. அதுல என்ன இருக்கு."

"அது அவங்க தப்பு. நான் ஒரு நாளும் மைக்ல வணக்கம்னு ஆரம்பிச்சதில்லை. வணக்கம்னா எவன் காது குடுப்பான்? பஸ் இடம் மாறுச்சுன்னா என் முதல் வார்த்தையே 'மாற்றம்'. மிச்சமெல்லாம் அப்புறம். மூட்டையைத் தூக்கிட்டு ஓட வேண்டியவன் ஓட வேணாமா?"

"நீங்க போய் அவங்களுக்குச் சொல்லிக் குடுங்க."

"கூப்பிட்டா போறேன். அதுக்கு முன்னாடி இந்த முட்டையில கொஞ்சம் உப்பைக் காட்டு. உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க."

உப்பு விஷயத்தில் மருமகள் கறார். மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு, தினம் நீர் மாத்திரை வேறு. மேசையிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டாள். எட்டாது என்று தெரிந்தும் மாமியார் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துவிட்டுப் போவார். இருவருக்கும் அது ஒரு விளையாட்டாக நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கோடை கொடுமையாக இருந்தது. ஜன்னல் கம்பியைத் தொட்டால் சுட்டது. மாமியார் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு தண்ணீராகக் குடித்தார். குடிக்கட்டும், வெயிலுக்கு நல்லதுதானே என்று விட்டுவிட்டார்கள். வார்டில் இருபது பேரைக் கவனிக்கிறவளுக்கு வீட்டில் இருக்கிற ஒருத்தி கண்ணில் படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவர் மந்தமானார். பேச்சின் நடுவில் நிறுத்திவிட்டு, என்ன சொல்ல வந்தேன் என்று கேட்டார். ஒரு காலையில் மகனை, செத்துப்போன கணவரின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். செருப்பு ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. அதற்குமேல் அவர்கள் காத்திருக்கவில்லை.

அவளுடைய வார்டுதான், அவளுடைய ஷிஃப்ட்தான். ரத்தத்தில் உப்பு அதலபாதாளத்தில் இருந்தது. கெட்டி உப்பு டிரிப் ஏற்ற வேண்டும். எவ்வளவு வேகத்தில் என்பதுதான் கேள்வி. மருந்து அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் அதற்கென்று ஒரு காகிதம், வெகுகாலமாக ஒட்டியிருந்து மஞ்சளாகிவிட்டது. சின்ன டாக்டர் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது அந்தக் காலத்துக் கணக்கு. இப்ப என்ன சொல்றாங்க? கொஞ்ச நாள் முன்னாடி உப்பைப் பத்திப் பேசினாங்களே?"

"ஆமா டாக்டர். நாம ரொம்பப் பயப்படறோம், இதைவிட வேகமா ஏத்தலாம்னு சொன்னாரு."

"எவ்வளவு?"

அவள் அளவைச் சொன்னாள்.

"நானும் கேட்டேன், கார் ஓட்டிக்கிட்டே. சரியா ஞாபகம் இல்லை. நிச்சயமா அதுதானா?"

"நிச்சயம் டாக்டர். கேள்வியிலயும் அதைத்தான் அழுத்தினோம். சரின்னு வந்துச்சு."

அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் டிரிப்பை மாட்டி வேகத்தைத் திருகிவைத்தாள். சொந்த மாமியாருக்குப் புதுப் படிப்பின்படி வைத்தியம் நடக்கிறது என்ற பெருமைகூட இருந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் மாமியார் எழுந்து உட்கார்ந்திருந்தார். மகனை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பக்கத்துக் கட்டில்காரியிடம் அவளுடைய ஊருக்கு எந்த பஸ்ஸில் போனால் உட்கார இடம் கிடைக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். மருமகளைப் பார்த்ததும், "பாத்தியா, உப்புக் குடுக்காம வெச்சே. இப்போ நரம்பு வழியா ஏத்தறே," என்றார். வார்டே சிரித்தது. கணவன் அவளைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். லிஃப்டின் மசகு போகாத கை.

வீட்டுக்கு வந்து சில நாள் எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு மாமியாரின் நாக்கு தடித்தது. டீயைக் குடித்தால் புரை ஏறியது. கோப்பையைப் பிடித்த கை பிடித்தபடியே கீழே இறங்கியது. மறுபடி ஆஸ்பத்திரி, ஸ்கேன். ஒவ்வொன்றாகப் போனது. கடைசியில் கண்கள் மட்டும் மிஞ்சின. மேலேயும் கீழேயும் மட்டும் அசையும் கண்கள். புத்தி துல்லியமாக இருந்தது. கேட்டதெல்லாம் புரிந்தது. மேலே பார்த்தால் ஆமாம், கீழே பார்த்தால் இல்லை. அவ்வளவு பேசிய மனுஷிக்கு இரண்டே வார்த்தை.

"ரொம்ப நாள் உப்புக் குறைஞ்சிருந்ததோட விளைவு. மூளையோட தண்டுப் பகுதியைத் தாக்கியிருக்கு," என்றார் பெரிய டாக்டர், கணவனிடம். ரேடியோவைப் பார்க்காமல் சொன்னார்.

உப்பை வேகமாக ஏற்றினாலும் இப்படி ஆகும் என்பது நர்ஸுக்குத் தெரியாததல்ல. அவள் அந்தப் பக்கம் நினைப்பைப் போகவிடவில்லை. சொன்ன அளவுக்குள்தானே ஏற்றினோம் என்று ஒரு பதிலைக் கையிலேயே வைத்திருந்தாள். அந்த எண்ணம் வரும்போதெல்லாம் அதை எடுத்துக் காட்டி விரட்டினாள்.

மாமியாரை வீட்டுக்குக் கொண்டுவந்து முன் அறையில் கட்டில் போட்டார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். வடிகட்டிய சத்துமாவுக் கரைசலை ஒரு பெரிய சிரிஞ்சில் ஊற்றி, உயரத் தூக்கிப் பிடித்து, தானாக இறங்கவிட வேண்டும். பக்கம் மாற்றிப் படுக்கவைப்பது, முதுகைத் துடைப்பது, வாயைச் சுத்தம் செய்வது, கால் மடங்கிப்போகாமல் நீட்டிவிடுவது. வார்டில் செய்வதைவிடப் பொறுமையாக அவள் இதையெல்லாம் செய்தாள். வருகிற உறவுக்காரர்களிடம் கணவன், "இவ இல்லேன்னா அன்னிக்கே அம்மா போயிருப்பாங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்வான். அம்மாவும் மேலே பார்ப்பார்.

ஒரு மத்தியானம், அவளுக்கு லீவு. அடக்கிவைத்த சந்தேகம் அன்றைக்கு அடங்கவில்லை. உப்பைப் பற்றிய அந்தப் பழைய பாட்காஸ்டைத் தேடி எடுத்து, போனை ஜன்னல் திட்டில் வைத்துச் சத்தமாகவே ஓடவிட்டாள். இந்த முறை வேகத்தைக் கூட்டவில்லை. அந்தக் கனத்த குரல் நிதானமாக அளவைச் சொன்னது. அவள் டாக்டரிடம் சொன்னது அதே அளவுதான், ஒரு புள்ளிகூட மாறவில்லை. பல நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள். குழாயில் சிரிஞ்சைப் பொருத்தி ஆகாரத்தை ஊற்றத் தொடங்கினாள். ஒரு கையில் தூக்கிப் பிடித்த சிரிஞ்ச், இன்னொரு கையில் கரைசல் குவளை.

போன் தானாக அடுத்த வாரத்துப் பேச்சுக்குப் போயிற்று. பாட்டு வந்தது. கட்டைவிரல் பழக்கத்தில் துடித்தது. கை இரண்டும் மாட்டிக்கொண்டிருந்தன.

"வணக்கம். தொடங்குவதற்கு முன் ஒரு திருத்தம். சென்ற வாரம் உப்புக் குறைவைப் பற்றிப் பேசியபோது நான் சொன்ன வேகம், திடீரென்று உப்பு இறங்கியவர்களுக்கானது. நாட்பட மெல்ல மெல்லக் குறைந்தவர்களுக்கு, முக்கியமாக வயதானவர்களுக்கு, அதில் பாதியைத் தாண்டவே கூடாது. பழைய அளவே சரி. தவறு என்னுடையது. கேள்வியையும் திருத்தியிருக்கிறோம். நேயர்கள் மன்னிக்க வேண்டும். இந்த வாரம் நாம் பேசப்போவது படுக்கைப் புண்..."

படுக்கைப் புண். அந்தப் பேச்சு அவளுக்கு வரிவரியாக ஞாபகம் இருந்தது. வார்டில் டீயோடு அதைச் சொன்னதும், எல்லாரும் முழுப் பாயிண்டு வாங்கியதும் ஞாபகம் இருந்தன. மாமியாரை வார்டுக்குக் கூட்டிவந்ததற்கு முந்தின வாரம் அது.

குவளையை வைத்துவிட்டுக் குழாயை மடக்கிப் பிடித்தாள். மாமியாரின் கண்கள் அவள் முகத்தில் இருந்தன. வாழ்நாளெல்லாம் அறிவிப்புச் சொன்னவருக்கு அறிவிப்பு விளங்காமல் போகாது.

"அத்தை, கேட்டீங்களா?"

கண்கள் மேலே போயின.

"டாக்டருக்கு அந்த அளவைச் சொன்னது நான்தான்."

இதற்குக் கண்கள் மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் ஒருத்தியுடையது, கெட்டது இன்னொருத்தி. அவள் கட்டில் சட்டத்தில் நெற்றியை வைத்து அழுதாள். அழுதுகொண்டே, மிச்ச ஆகாரம் ஆறிப்போகும் என்பதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அதையும் ஊற்றி முடித்தாள்.

சாட்சி ஒரே ஒருவர், அவருக்கும் பேச்சு இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் இது இந்த அறையைத் தாண்டாது. அந்த நினைப்பு அவளுக்கு வராமல் இல்லை. வந்தது, ஒரு முழு நாள் தங்கியும் இருந்தது.

முதலில் சின்ன டாக்டரிடம் சொன்னாள். துணி மூட்டைகள் போடும் அறையில் வைத்துச் சொன்னாள். அவர் கதவைச் சாத்தினார்.

"கையெழுத்து என்னோடது. சொன்னது நீ. வெளியில வந்தா ரெண்டு பேரும் போவோம்."

"வார்டுல எல்லாரும் அந்த அளவைத்தான் மனசுல வெச்சிருக்காங்க டாக்டர்."

"அளவைச் சொல்லு. சுவத்துல இருக்கறதுதான் சரின்னு நானும் சொல்றேன். உங்க மாமியார் விஷயத்தை இழுக்காதே. அவங்க என்ன, செத்தா போயிட்டாங்க?"

சொன்ன பிறகு அவருக்கே அது கேட்டது போலும். மூட்டையின்மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "அந்த வாரம் நானும் தள்ளிட்டுத்தான் கேட்டேன்," என்றார், கைக்குள்ளிருந்து.

டீ நேரத்தில் அவள் சொன்னாள், அந்த அளவு தப்பு, பிறகு திருத்தம் சொல்லியிருக்கிறார்கள், நான் கேட்கவில்லை, சுவரைப் பார்த்தே போடுங்கள் என்று.

"நல்லவேளை, நடுவுல நமக்கு அப்படி யாரும் வரலை," என்றாள் நெட்டை. சொல்லிவிட்டு ரேடியோவின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த பிஸ்கட்டைத் திரும்பத் தட்டிலேயே வைத்தாள். அன்றோடு சாரம் சொல்லும் வேலை தானாகவே நெட்டையிடம் போய்விட்டது. ரேடியோ என்ற பெயர் மட்டும் இவளிடம் தங்கிவிட்டது.

கணவனிடம் சொன்னது அடுப்படியில். அவன் வேலையிலிருந்து வந்து, தொட்டியில் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவள் முதலிலிருந்து கடைசிவரை சொன்னாள். அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அப்போ நீ காப்பாத்தலை."

"இல்லை."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். என்கூடத்தான் கேட்டாங்க."

"தெரிஞ்சுக்கிட்டா மேலே பாத்தாங்க? நான் பக்கத்துல உக்காந்து உன்னைப் பெருமையாப் பேசினேனே, அப்பவா?"

"அதுக்கப்புறம்தான். முந்தாநேத்து."

"அந்த டாக்டர் பேசினாரே, அவரை நேர்ல பாத்திருக்கியா?"

"இல்லை."

"மொகம் தெரியாதவன் பேச்சைக் கேட்டு எங்கம்மாவுக்கு..." அவன் முடிக்கவில்லை. குழாயை மூடினான். "இனிமே அம்மாவை நீ தொடாதே. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டான். வேலைக்கு லீவு போட்டான். கட்டிலுக்குக் கீழேயே பாயை விரித்தான். லிஃப்டைத் தாங்கும் இரும்புக் கயிறுகளோடு மல்லுக்கட்டிய கைக்கு அம்மாவைப் புரட்டுவது கஷ்டமாக இல்லை, முதுகைத் துடைப்பதும் வந்துவிட்டது. ஆகாரம் ஊற்றுவதுதான் வரவில்லை. தானாக இறங்க நேரம் ஆகும். அதுவரை கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். மூன்றாம் நாள் காலை, அவன் பொறுமை இழந்து சிரிஞ்சின் தண்டை வைத்து அழுத்திவிட்டான்.

அடுப்படியில் இருந்தவளுக்கு அந்த இருமல் கேட்டது. ஓடி வந்தாள். மாமியாரின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. குழாயை மடக்கி, பக்கவாட்டில் புரட்டி, வாயிலிருந்து வந்ததை விரலில் துணி சுற்றி வழித்தெடுத்து, தலைப்பக்கத்தை உயர்த்தினாள். அவன் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நின்றான். மூச்சு திரும்பிவர வெகுநேரம் ஆனது போலிருந்தது. பதறாத காரியம் சிதறாது என்று இந்த அம்மா இருவருக்கும் எத்தனை முறை சொல்லியிருப்பார்.

அவன் அம்மாவுக்கு எதிரே மண்டியிட்டான்.

"அம்மா, இனிமே இவ ஊத்தட்டுமா?"

கண்கள் மேலே போயின.

"அவளை மன்னிச்சிட்டியா?"

கண்கள் கீழே இறங்கின. இறங்கி அங்கேயே நின்றன.

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் சிரிஞ்சைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். அது நியாயம்தான் என்றுதான் அவளுக்கும் பட்டது. மன்னித்திருந்தால் அங்கே நின்றிருக்க முடியாது.

அந்தப் பாட்காஸ்டுக்கு நேயர்கள் தங்கள் குரலில் பேசி அனுப்பலாம். கடைசியில் ஒவ்வொரு வாரமும் அதைச் சொல்வார்கள். சிரிஞ்சை உலர்த்தும்போது அவளுக்கு அது தோன்றியது. எந்தெந்த ஊரிலோ எந்தெந்த வார்டிலோ எத்தனை பேர் அந்த முதல் நிமிடத்தைத் தள்ளிவிட்டு அந்த அளவை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். போனை எடுத்துக்கொண்டு மாமியாரிடம் வந்தாள். சின்ன டாக்டருக்கு எதிராகப் போகும், வேலை போகலாம், எல்லாவற்றையும் சொன்னாள்.

"அனுப்பட்டுமா அத்தை?"

மேலே.

அவள் போனை வாயருகே வைத்தாள். "வணக்கம். நான் ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸா..."

கண்கள் கீழே இறங்கின.

அவளுக்குப் புரியவில்லை. மறுபடி, "வணக்கம்," என்று ஆரம்பித்தாள். மறுபடி கீழே. மூன்றாவது தடவை ஆரம்பிக்கும் முன் அவளுக்கு மாமியாரின் மைக் ஞாபகம் வந்தது. போனை மறுபடி வாயருகே வைத்தாள்.

"திருத்தம். உப்பு அளவு தப்பு. நாள்பட உப்புக் குறைஞ்சவங்களுக்குப் பாதிதான் ஏத்தணும். இதை நீங்க ஏற்கெனவே சொல்லிட்டீங்க, முதல் நிமிஷத்துல. நான் முதல் நிமிஷத்தைக் கேக்கறதில்லை. அதனால எங்க மாமியார் இப்போ பேச மாட்டாங்க. அசைய மாட்டாங்க. என் வார்டுல எல்லாருக்கும் தள்ளச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். தள்ளாதீங்க."

கண்கள் மேலே போயின. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த கணவன் வேலைக்குக் கிளம்பினான். கிளம்பும்போது மேல் தட்டிலிருந்த உப்புக் கிண்ணத்தை எடுத்துத் திரும்ப மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

அவர்களிடமிருந்து பதில் வந்தது. மிகவும் வருந்துகிறோம், உங்கள் குரலைப் பெயர் சொல்லாமல் அடுத்த வாரம் நிச்சயம் ஒலிபரப்புவோம், முக்கியமானது என்பதால் தொடக்கத்திலேயே வைக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

அந்த வாரம் அவள் அதை மாமியாரின் தலைமாட்டில் வைத்து ஓடவிட்டாள். பாட்டு வந்தது. மூத்த டாக்டர் வணக்கம் சொன்னார், பெண் டாக்டரும் வணக்கம் சொன்னார். அதற்குப் பிறகு இவள் குரல் வந்தது. திருத்தம் என்ற சொல் நடுங்காமல் வந்திருந்தது. இருவரும் கடைசிவரை கேட்டார்கள்.

மறுநாள் வார்டுக்குள் நுழையும்போதே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாராவது கண்ணைத் தாழ்த்துகிறார்களா, பேச்சை நிறுத்துகிறார்களா என்று பார்த்தாள். எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது. சின்ன டாக்டர் ஒரு கட்டிலருகே நின்று எழுதிக்கொண்டு, "வா ரேடியோ," என்றார்.

டீ நேரத்தில் நெட்டை கோப்பையை வைத்துக்கொண்டு அந்த வாரத்துப் பாட்காஸ்டைச் சொன்னாள். தைராய்டு. நன்றாகவே சொன்னாள். சுற்றிலும் போன்கள் தயாராக இருந்தன.

"ஆரம்பத்துல என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள் ரேடியோ.

"ஆரம்பத்துல என்ன சொல்லப் போறாங்க. பாட்டு, வணக்கம், வழக்கம்போலதான். யாரோ ஒருத்தி என்னமோ பேச ஆரம்பிச்சா, தள்ளிட்டேன். நீதானே தள்ளச் சொல்லிக் குடுத்தே."

கேள்விகள் வந்தன. மூன்றும் தைராய்டைப் பற்றித்தான். எல்லாரும் குனிந்து பதிலை அழுத்தினார்கள். ரேடியோ தன் போனை எடுக்காமல் உட்கார்ந்திருப்பதை நெட்டை பார்த்தாள். பாவம், மாமியாரைப் பார்த்துக்கொண்டு இவளுக்கு எங்கே நேரம் என்று அவளுடைய போனையும் தானே எடுத்து, மூன்று பதிலையும் அழுத்தி, அவள் மடியில் வைத்தாள்.

ரேடியோவுக்கும் முழுப் பாயிண்டு வந்தது.